ஞானப்பிரகாசம் சாரின் கிரில் கேட்

எங்கள் மாடியில் எதிர்வீட்டு ஞானப்பிரகாசம் சார், பால் வாங்கப் போனாலும் கிரில் கேட்டை வெளியே பூட்டிவிட்டுத்தான் போவார். உள்ளே மனைவி ரெஜினா இருப்பாள். திருட்டுப் பயமாம்.

அன்றும் பூட்டிவிட்டுத் திரும்பியவர், என் வாசலில் தொங்கும் லவ் பேர்ட்ஸ் கூண்டைப் பார்த்துவிட்டார். பேச இரண்டு கையும் வேண்டுமே, சாவியை என் ஜன்னலில் வைத்தார்.

"பாக்கியம்மா, இங்கிலீஷ்ல ஜெயிலும் கேஜும், அதான் இந்தக் கூண்டும், ஒரே லத்தீன் வார்த்தைக்குப் பொறந்ததுங்க."

கம்பிக்குப் பின்னால் பட்டுச்சேலையோடு ரெஜினா. "தங்கச்சி மகளுக்கு நிச்சயதார்த்தம். ஆட்டோ நிக்குது, திறங்களேன்!"

"இரு, வேர்ச்சொல்லை முடிச்சிடறேன்."

கீழே ஹார்ன் அலறியது. எனக்கே பொறுக்கவில்லை. சாவியை எடுத்துப்போய் நானே திறந்தேன். சார் பேச்சை விடவில்லை. "நம்பலையா? டிக்‌ஷனரியிலயே காட்டறேன்" என்று தன் வீட்டுக்குள்ளே போனார். வெளியே வந்த ரெஜினா, பழக்கதோஷம்போல் கேட்டைப் பூட்டினாள். "நாளைக்குத்தான் வருவேன்க்கா" என்று சாவியை என்னிடம் தந்துவிட்டுப் படியிறங்கினாள்.

சார் அகராதியோடு வந்து கம்பியைப் பிடித்தார். "பாக்கியம்மா... சாவி?"

"தர்றேன் சார்" என்றேன், குருவிகளுக்குத் தினை போட்டபடி. "அந்த லத்தீன் வார்த்தை என்னன்னு சொன்னீங்க?"