முதல் குருவியின் இறக்கை

திரைக்குப் பின்னால் மூன்றாம் வகுப்பு வேல்விழி நிற்கிறாள். குருவிகளின் பாட்டு நாடகத்தில் முதல் குருவி அவள்தான். அவள் கையைத் தூக்கினால்தான் பின்னால் நிற்கும் குருவிகளும் தூக்கும். சட்டைக் கையோடு சேர்த்துத் தைத்த மஞ்சள் பனியன் துணி இறக்கை மின்விசிறிக் காற்றில் படபடக்கிறது. வெளியே நாற்காலிகள் இழுபடுகின்றன, மைக் கீச்சிடுகிறது. அம்மா பனியன் கம்பெனியில் தைத்த துணிகளின் நூல் பிசிறு வெட்டுகிறவள்; தொங்கும் நூலைக் கண்டால் மகளின் விரலும் சும்மா இருக்காது. மணிக்கட்டில் ஒரு நூல் தொங்குகிறது. இழுக்கிறாள். சங்கிலித் தையல் சரசரவென்று அக்குள்வரை பிரிந்து வருகிறது. "டீச்சர், றெக்க பிரிஞ்சிருச்சு." சித்ராதேவி டீச்சர் ஊக்குக்காகத் தன் முந்தானையைத் தடவுகிறார். இல்லை. அதற்குள் ஸ்பீக்கரில் இசை தொடங்கிவிடுகிறது. "கைய மட்டும் தூக்கீராத கண்ணு," என்று டீச்சர் காதோரம் சொல்கிறார்.

திரை விலகுகிறது. வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது. கைகளை உடம்போடு இறுக்கிக்கொண்டு, வானமெல்லாம் பறக்கப் போவதாகப் பாடுகிறாள் வேல்விழி. அவளையே பார்த்துக்கொண்டிருந்த அத்தனை குருவிகளும் கைகளை உடம்போடு இறுக்கிக்கொள்கின்றன.