மேல்பாய்

புருஷன் பச்சியப்பன் கடலில் விழுந்ததை நஞ்சப்பன் சொன்னபோது பாஞ்சாலி அழவில்லை. காறி வாசலில் துப்பினாள்.

நஞ்சப்பன் தன் சட்டையை முகர்ந்து பார்த்துக்கொண்டான். கப்பல் கயிற்றுக்குப் பூசுகிற தாரும் மீன் எண்ணெயும் எத்தனை தடவை குளித்தாலும் போவதில்லை. மொரப்பூரில் ரயிலைவிட்டு இறங்கியவன், சொந்த ஊரான மாரண்டஹள்ளிக்குக்கூடப் போகாமல், கொல்லை மேட்டில் தனியாக இருந்த இந்த வீட்டுக்கு நேரே நடந்து வந்திருந்தான்.

"நாத்தமா இருக்குதா?" என்று கேட்டான்.

"இருக்குது. நீங்க சொல்லுங்க," என்றாள். உட்கார்ந்து கல்லால் புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை.

போன வருஷம் இதே வாசலில் நின்றுதான் அவள் புருஷனைக் கப்பல் வேலைக்கு அழைத்துப் போனான் நஞ்சப்பன். புளியமர உச்சிக்கு அநாயாசமாக ஏறுகிறவனுக்குப் பாய்மரம் ஒரு பொருட்டா என்று ஆசை காட்டியதும் அவன்தான். அன்றைக்கு அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டான். இன்று பேர் சொல்லிக் கூப்பிட்டான்.

"ஐப்பசி மாசம், பாஞ்சாலி. நாகப்பட்டினம் வுட்டு ரங்கூனுக்குப் போறோம். பட்டப்பகல்லயே வானம் கருத்துடுச்சு. மேல்பாய சுருட்டுங்கடான்னு கப்பல ஓட்டற தண்டல் கத்தறாரு. அந்தக் காத்துல ஒருத்தனும் ஏறல. நானும் உன் வூட்டுக்காரனும்தான் ஏறினோம்."

"முன்மரத்துலயா?"

"ஆமா, முன்மரந்தான். உச்சியில குறுக்கால ஒரு மரம் கட்டியிருக்கும், பருமல்னு பேரு. பாயி அதுலதான் தொங்கும். அதுக்குக் கீழ ஒரு கயிறு ஓடும். அதுல கால வெச்சு, வயித்த பருமல்ல அழுத்திக்கிட்டு, ரெண்டு கையாலயும் பாய அள்ளணும். நனைஞ்ச பாயி பலகையாட்டம் வெறைச்சுக்கும். நகமே பிஞ்சுடும்."

பாஞ்சாலி ஒரு புளியம்பழத்தை ஓங்கித் தட்டினாள்.

"பாதி சுருட்டியிருப்போம். கால் கயிறு அறுந்துடுச்சு."

"அறுந்தா ரெண்டு பேரும்தானே விழுவணும்?"

நஞ்சப்பன் தன் மூட்டையை இந்தப் பக்கம் நகர்த்தி வைத்தான். "நான் பருமல கட்டிப் புடிச்சுக்கிட்டேன். ஒரு கையால அவன் கைய புடிச்சேன். வுட மாட்டேன்டான்னு அழுவறேன். நீயாவது பொழைச்சுக்கடான்னு அவனாத்தான் கைய உருவிக்கிட்டான்."

சொல்லும்போது அவன் கண்கள் நிஜமாகவே கலங்கின. பாஞ்சாலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையை அடக்குகிறாள் என்று நஞ்சப்பன் நினைத்தான்.

"அப்புறம் தேடலையா?" என்று கேட்டாள்.

"பின்னால தூரத்துல ஒரு தோணி வந்துச்சு. கொடி காட்டினோம். அவங்களும் தேடித்தான் பாத்திருப்பாங்க. அந்த அலையில எங்க கெடைக்கறது? நாங்க ரங்கூன் போயிட்டு இப்பதான் திரும்பறோம். கரையில கால வெச்சதும் மொதல்ல உன்னப் பாக்க ஓடியாறேன்."

மூட்டையை அவிழ்த்து ஒரு ரங்கூன் பட்டுத் துணியை எடுத்தான். பளபளக்கும் மஞ்சள் நிறம். அவள் பக்கத்தில் விரித்து வைத்தான். பாஞ்சாலி விளக்குமாற்றுக் கட்டையால் அதைத் தள்ளிவிட்டாள், செத்த எலியைத் தள்ளுகிற மாதிரி.

அதையும் அவன் பொறுத்துக்கொண்டான். குரலைத் தாழ்த்தினான்.

"கடேசியா அவன் ஒண்ணு சொன்னான். பாஞ்சாலிய நீதான் பாத்துக்கணும்னு."

"தொங்கிக்கிட்டே சொன்னாராங்க?"

"ஆமா."

"அந்தக் காத்துல உங்களுக்குக் கேட்டுதா?"

"சாவறவன் சொல்றது கேக்காம போவுமா? அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் உசுரோட திரும்பி வந்திருக்கேன்."

பாஞ்சாலி அடுத்த புளியம்பழத்தை எடுத்துத் தட்டினாள். அவள் மறுக்கவில்லை என்பது நஞ்சப்பனுக்குத் தைரியம் கொடுத்தது. இன்னும் கொஞ்சம் நெருங்கிக் குந்தினான்.

"இந்த மேட்டுல ஒண்டியா கெடந்து என்ன பண்ணப் போற? மாரண்டஹள்ளில வூடு இருக்குது, கெணத்துத் தண்ணி பாயற நெலம் இருக்குது. எங்க ஆத்தா ஒண்ணும் சொல்ல மாட்டா. நாளைக்கே கெளம்பிடு. ஊருக்கு நான் பதில் சொல்லிக்கறேன்." அவன் கை நீண்டு அவள் மணிக்கட்டின் மேல் படிந்தது.

பாஞ்சாலி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். அவன் விரல் பட்ட இடத்தை முந்தானையால் தோல் சிவக்கத் துடைத்தாள். பிறகு புளிக்கூடையை ஓரமாக நகர்த்திவிட்டு எழுந்தாள்.

துணிமணி எடுக்கத்தான் போகிறாள் என்று நஞ்சப்பன் மீசையைத் தடவிக்கொண்டான். அவள் வாசற்படியில் நின்று, இருட்டாயிருந்த உள்ளறையைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"ஏங்க, எந்திரிச்சு வாங்க. உங்கள மூஞ்சியில ஒதைச்சுக் கடல்ல தள்ளுனவரு வந்திருக்காரு."