நாற்பத்திரண்டாவது முறை

என்டரைத் தட்டிய பிறகுதான் பார்த்தாள். டேப்லெட்டின் கேபிள் கழன்று கிடந்தது.

லேப்டாப்பில் செருகியிருந்தது தம்பியின் போன் மட்டும்.

அழிக்கிறேன் என்று திரையில் ஒரு வரி. போனைப் பிடுங்கினாள். அதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது.

அழித்தாயிற்று.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல். முகிலன் போனைக் கீழே வைக்கிற ஒரே அரைமணி நேரம்.

அவனுக்குப் பேச்சு வராது. படத்தைத் தொடுவான், போன் பேசும். பசிக்குது. பயமாருக்கு. லைட்ட அணைக்காத. மூன்று வருஷத்தில் எழுநூறு படங்கள். எது எங்கே இருக்க வேண்டும் என்று அவனே பார்த்துப் பார்த்து வைத்தவை.

போனின் பாட்டரி உப்பிவிட்டது. மூடி நிற்காமல் ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறார்கள். படத்தைப் பேசவைக்கும் அந்த ஆப் புதுப் போன் எதிலும் ஓடவில்லை. செய்தவர்கள் எப்போதோ கடையைக் கட்டிவிட்டார்கள்.

அதனால்தான் யாரோ கழித்துப்போட்ட டேப்லெட்டைப் பிடித்தாள். போனின் பழைய ஆண்ட்ராய்டு ஒரு வகைச் சிப்புக்கு எழுதியது. டேப்லெட்டுக்குள் இருப்பது வேறு வகை. அதற்குத் தக்கபடி மாற்றி எழுத இரண்டு மாதம் ஆனது. பிளஸ் டூ பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு.

ஒவ்வொரு முறையும் ஒரே கட்டளை. பழையதைத் துடை, புதியதை ஏற்று. நாற்பத்தோரு முறை. விரல் தானாக அடிக்கும். எந்தக் கருவியில் என்று பெயர் சொல்லிப் பழகவில்லை. எப்போதும் செருகியிருந்தது ஒன்றுதான்.

இன்றைக்குப் போனையும் செருகினாள்.

படங்களைப் பிரதி எடுத்து வைக்க. இன்னும் ஒன்றுகூட எடுக்கவில்லை.

"கண்ண மூடுடா, சீயக்கா எரியும். ஏய், தலைய ஆட்டாத, என் மேலல்லாம் தெறிக்குது!"

அம்மா சிரிக்கிறாள்.

போனின் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். கறுப்பு. பத்துவரை எண்ணி மறுபடி அழுத்தினாள். கறுப்பு. வேறு சிப்புக்கு எழுதியது இதில் எப்படி எழுந்திருக்கும்?

"முடிஞ்சிருச்சுடீ. அவன் போன எடுத்து வை, வந்ததும் கேப்பான்."

இன்னொரு முறை அழுத்தினாள். கறுப்பு.

தாழ்ப்பாள் விலகியது.

தலையணைக்கு அடியில் தள்ளப் போனாள். கை தவறிப் போன் தரையில் விழுந்தது. இடுப்பில் துண்டோடு ஓடி வந்தவன் குனிந்து எடுத்துக்கொண்டான். முடியிலிருந்து போன்மேல் சொட்டிய நீரை உள்ளங்கையால் வழித்துத் துடைத்தான்.

திரையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தான்.

அவன் விரல் கறுப்பின் மேல் நகர்ந்தது. மூன்றாவது வரிசை. வலது ஓரம். அங்கே ஒரு முகம் இருந்தது, கண்ணுக்குக் கீழே ஒரு சொட்டு. தொட்டால் கேட்கும்: ஏன் அழற?

தொட்டான்.

காத்திருந்தான்.

பிறகு, சத்தம் குறைவாக இருக்கிறதோ என்று, போனை அவள் காதருகே கொண்டுவந்து பிடித்தான்.