எண்பது வரைக்கும்

"வந்ததும் சார்ஜ் போடாதீங்க. வண்டி அர மணி நேரம் ஆறட்டும்."

காசிமேட்டிலிருந்து ஓட்டல்களுக்கு மீன் போட்டுவிட்டு மதியம் வீடு திரும்பிய சௌக்கத் அலி, மனைவி சொன்னபடியே எலெக்ட்ரிக் பைக்கை நிழலில் நிறுத்தினார். ஆறியதும் ப்ளக்கைச் சொருகிவிட்டு, "டீக்கடை வரைக்கும் போய்ட்டு வரேன்" என்று இன்றும் சொல்லிப்பார்த்தார்.

"எண்பது பர்சென்ட்டத் தாண்டுனா பேட்டரி ஆயுசு கொறையும். கூடவே குந்திகினு இருந்து புடுங்குங்க" என்றாள் பதுருன்னிசா.

முன்பெல்லாம் சார்ஜ் போட்டதும் டீக்கடைக்குப் போகிறவர், சாயங்காலம்தான் தலைகாட்டுவார். இந்த ஒரு மாதமாக வீட்டில்தான் சாப்பாடு, பேச்சு, சிரிப்பு எல்லாம்.

பிரேக் பார்க்க வந்த மெக்கானிக் சின்னப்பையனின் கண் சார்ஜரில் விழுந்ததும் அவளுக்குப் பகீரென்றது. கணவர் கைகழுவப் போன நேரம் பார்த்துக் கிசுகிசுத்தாள்.

"தம்பி, இது எண்பதுல தானா நின்னுடும்னு எனக்கும் தெரியும். அவராண்ட சொல்லிடாதப்பா. இத சொல்லித்தான் மனுஷன வூட்ல குந்தவெச்சிகினு கீறேன்."

சின்னப்பையன் சிரித்துவிட்டான்.

"போன மாசமே சொல்லிட்டேன்க்கா. 'பதுருவுக்குத் தெரிய வேணாம்டா'ன்னாரு."

வாசலிலிருந்து குரல் வந்தது.

"பதுரு! இன்னும் அறுபதுதான் ஆயிகீது. நீயும் வந்து குந்தேன்!"