செத்தவர் தும்மக் கூடாது

“தும்மினீங்கன்னா நானே கொன்னுடுவேன்!” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் அவள்.

“அதான் ஏற்கெனவே கொன்னுட்டியே” என்று முனகிய கணவனைக் குளியலறைக்குள் தள்ளி, வெளியே தாழ்ப்பாள் போட்டாள். அவனுடைய செருப்பு, சட்டை, சவரப் பெட்டி எல்லாவற்றையும் வாரிக் கட்டிலுக்கு அடியில் எறிந்தாள். “வீட்டுவசதி அலுவலகம்! கதவைத் திறங்க!” என்று வாசலில் மறுபடியும் தட்டினார்கள்.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டுவசதி அலுவலகத்திலிருந்து திடீரென்று சோதனைக்கு வருகிறார்கள் என்றால், கீழ்வீட்டுக்காரிதான் எழுதிப் போட்டிருக்க வேண்டும். படியில் பார்க்கும்போதெல்லாம், “அண்ணன் வேலைக்குப் போயிட்டாரா?” என்று சிரித்துச் சிரித்துக் கேட்டது இதற்குத்தானா?

அதைவிடக் கோபம் தரகன்மேல். ஆதரவில்லாதவர்களுக்கென்று அரசாங்கம் கட்டிய குடியிருப்பு இது. இந்த வீட்டைப் புருஷனை இழந்த ஒரு தையல்காரிக்கு ஒதுக்கியிருந்தார்கள். “அந்தம்மா வீடே வேண்டாம்னு பொறந்த ஊருக்குப் போயிடுச்சு. யாராவது வந்து கேட்டா நீதான் அந்தம்மா. புருஷன் கட்டட வேலையில சாரத்துலேர்ந்து விழுந்து செத்துட்டாரு. அவ்வளவுதான்” என்று திரும்பத் திரும்பப் பாடம் சொல்லிக் கொடுத்தவன், இப்போது போனையே எடுக்கவில்லை.

கதவைத் திறந்தாள். கையில் கோப்புடன் ஓர் அதிகாரி. அவருக்கு முன்னால், தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. அவள் ரவிக்கைக் கையோரத்தில் சிவப்பு நூல் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

“நீங்களே கேளுங்க” என்று அதிகாரி ஒதுங்கி நின்றார். ஓகோ, இவள்தான் பெரிய இடம் என்று எடுத்துக்கொண்டாள்.

“வாங்க மேடம்.”

கண்ணாடிக்காரி உட்காரவில்லை. சுவரைத் தடவிப் பார்த்தாள். ஜன்னலைத் திறந்து, “நல்ல வெளிச்சம்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

“இது உங்களுக்கு ஒதுக்கின வீடுதானா?”

“ஆமா மேடம். நான் தையல்காரி. அவர் போனப்புறம் எனக்கு யாருமில்லைன்னு குடுத்தாங்க.”

“தையல் மெஷினைக் காணோம்?”

“ரிப்பேருக்குப் போயிருக்கு.” நாக்குக் கூசாமல் வந்தது. வந்த வேகத்தில் ஆத்திரமும் பொங்கியது. “எங்களை மாதிரி ஆளுங்களை நிம்மதியா இருக்க விடவே மாட்டீங்களா மேடம்? வயித்தெரிச்சல் புடிச்ச எவளோ எழுதிப் போட்டா உடனே கிளம்பி வந்துடுறதா? வீடு வேணும்னா அவளையும் வரிசையில நிக்கச் சொல்லுங்க!”

கண்ணாடிக்காரியின் முகம் சிவந்தது. “நின்னாங்க. வருஷக்கணக்கா நின்னாங்க. முறை வந்தப்போ, வீட்டைக் குடுத்தாச்சுன்னு கையை விரிச்சுட்டாங்க.”

“அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?”

அதிகாரி தொண்டையைச் செருமினார். கண்ணாடிக்காரி கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

“வீட்டுக்காரர் எப்படிப் போனாரு?”

“கட்டட வேலை மேடம். சாரம் சரிஞ்சு விழுந்துட்டாரு.” பார்வை குளியலறைப் பக்கம் போகாமல் இழுத்துப் பிடித்தாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் வரவில்லை. ஆனால், கோபத்தில் குரல் நடுங்கியது. அதுவே அழுகை மாதிரி இருந்தது.

கண்ணாடிக்காரி கண்ணாடியைக் கழற்றினாள். கண்கள் கலங்கியிருந்தன. இளகிவிட்டாள், இன்னும் ஒரு போடு போட்டால் கிளம்பிவிடுவாள் என்று இவளுக்குத் தோன்றியது.

“என் மடியிலதான் மேடம் உயிர் போச்சு. ‘கலங்காதே, உனக்குன்னு ஒரு வீடு வரும்’னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினாரு.”

கண்ணாடிக்காரி இரண்டே எட்டில் அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றாள். உதடு துடித்தது.

“அவர் எதுவும் சொல்லலை.”

“மேடம்...?”

“யார் மடியிலயும் சாகலை. ஆஸ்பத்திரி வராந்தாவுல, வாயில தண்ணி ஊத்தக்கூட ஆளில்லாம தனியாக் கிடந்து செத்தாரு.”

இவள் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். “அது... அதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அதிகாரி கோப்பை மூடினார். கண்ணாடிக்காரி போட்ட சத்தம் மாடிப்படி முழுக்கக் கேட்டது.

“செத்தது என் புருஷன்டி!”