காது கேளாதவர்: ஒருவர்

"சார், ஏரிக்கரை மேல ஜீப்பு வருதுங்க" என்று கத்திக்கொண்டே வகுப்புக்குள் பாய்ந்தான் சென்றாயன். அவன் பின்னாலேயே ஹாரன் சத்தமும் வந்தது.

தலைமையாசிரியர் குமாரசாமி முறுக்கிக்கொண்டிருந்த மீசையைப் பாதியில் விட்டார். வாயையே மூடித் தொங்கும் மீசை அது. அவர் டீ குடித்தால் முதல் மடக்கு மீசைக்குத்தான்.

"வியாழக்கிழமைன்னுதானே சொன்னாங்க?"

"இன்னிக்குச் செவ்வாய்தானுங்க சார்" என்றாள் வசந்தாமணி டீச்சர். அவள் முகம் வெளுத்துவிட்டது.

காரணம் இருந்தது. போன வருஷம் ஆபீசிலிருந்து ஒரு படிவம் வந்தது. பள்ளியில் ஊனமுற்ற மாணவர் எத்தனை பேர் என்று கேட்டிருந்தார்கள். காலியாக விட்டால் திருப்பி அனுப்புவார்களே என்று, 'காது கேளாதவர்: ஒருவர்' என்று எழுதிப் போட்டார் குமாரசாமி. கை கால் என்றால் வெளியே தெரியும். காது தெரியாது என்பது அவர் யோசனை. அந்த இல்லாத ஒருவருக்காக ஒரு டீச்சரையே அனுப்பிவிட்டார்கள். அவள்தான் வசந்தாமணி. இன்று சோதிக்க வரும் அதிகாரிக்கு அந்த மாணவரைக் காட்டாவிட்டால் அவளுக்கு மலை மேல் மாற்றல். குமாரசாமி பழையபடி ஐந்து வகுப்பையும் தனியாக மேய்க்க வேண்டும்.

"கரையில ஆட்டு மந்தை குறுக்க நிக்குதுங்க. வர்றதுக்குப் பத்து நிமிசம் ஆகும்" என்றான் சென்றாயன்.

"நீயே வாடா. செவுத்தப் பாத்து நில்லு. உனக்குக் காது கேக்காது, தெரிஞ்சுதா?"

சென்றாயன் திரும்பி நின்றான்.

"டேய், நான் பேசறது கேக்குதா?"

"இல்லீங்க சார்."

"போயி உக்காரு."

அடுத்து சென்னிமலை. அவன் விறைப்பாகத்தான் நின்றான். "மத்தியானம் லீவு" என்று குமாரசாமி முணுமுணுத்ததும் ஓடிப்போய்ப் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டான்.

கடைசி பெஞ்சிலிருந்து பொன்னாத்தாள் எழுந்தாள். "சார், அத்தாயிய நிக்க வைங்க. அவ நல்லாச் செய்வாங்க."

"அவளா? டீச்சர் கணக்குல நூறு வாங்குவா, என் வரலாறுல முட்டை போடுவா. கேள்வி கேட்டா என் மூஞ்சியையே மொறச்சுப் பாப்பா. திமிரு புடிச்சவ."

"எங்கிட்ட அப்படியில்லீங்களே சார்" என்றாள் வசந்தாமணி.

குமாரசாமி யோசித்தார். "ஆமா, கூத்துக்கார அருணகிரி மவளில்ல? ரத்தத்துலயே இருக்கும். வரச் சொல்லு."

பொன்னாத்தாள் பக்கத்திலிருந்த அத்தாயியைத் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளி, முகத்தருகே ஏதோ சொன்னாள்.

"எந்நேரமும் உங்க ரெண்டு பேத்துக்கும் என்ன குசுகுசுப்பு?" என்று அதட்டினார் குமாரசாமி.

அத்தாயி எழுந்து வந்து, சுவரில் தொங்கிய தேசப்படத்தைப் பார்த்து நின்றாள். குமாரசாமி சாக்பீஸ் டப்பாவை அவள் முதுகுக்குப் பின்னால் தரையில் ஓங்கிப் போட்டார். மூன்றாம் வகுப்பில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. அத்தாயி அசையவில்லை.

"அடேயப்பா" என்றார் குமாரசாமி. அதற்குள் ஜீப் வாசலில் வந்து நின்றுவிட்டது.

அதிகாரி சரவணமுத்து காபி வேண்டாமென்று சொல்லிவிட்டார். "போன வாரம் ஒரு ஊர்ல கண்ணு தெரியாத பையன்னு ஒருத்தனக் காட்டுனாங்க. என் பாக்கெட்டுல பேனா மசி ஒழுகுதுன்னு அவன்தான் எனக்குச் சொன்னான். அதனால நான் சோதிச்சுத்தான் கையெழுத்துப் போடுவேன்."

வசந்தாமணி முந்தானை நுனியைச் சுருட்டத் தொடங்கினாள்.

அதிகாரி, கடைசி பெஞ்சுக்குத் திரும்பியிருந்த அத்தாயியை அழைத்துவந்து தேசப்படத்தைப் பார்த்து நிற்க வைத்து, பின்னால் நின்று கைதட்டினார். மணியடிக்கும் தண்டவாளத் துண்டைக் கொண்டுவரச் சொல்லித் தட்டினார். பிறகு சாதாரணக் குரலில், "பாப்பா, உன் பாவாடையில பூரான் ஏறுது" என்றார்.

வகுப்பு மொத்தமும் பெஞ்சு மேல் ஏறியது. குமாரசாமி வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு நாற்காலியில் நின்றார். அத்தாயி மட்டும் தேசப்படத்தில் காவிரி எங்கே கடலில் சேர்கிறது என்று விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"உண்மையான கேஸ்தான். டீச்சர் இங்கயே இருக்கட்டும்" என்று கையெழுத்துப் போட்டார் அதிகாரி. "ஆனா ஏனுங்க, இந்தப் புள்ளையக் கொண்டுபோய்க் கடைசி பெஞ்சுல வெச்சிருக்கீங்க? முன்னால உக்கார வைங்க. பாடம் சொல்றப்ப முகத்தைக் காட்டிப் பேசுங்க."

"ஆகட்டுங்க, ஆகட்டுங்க" என்ற குமாரசாமி நாற்காலியிலிருந்து இறங்கினார். சிரிப்பை மறைக்க மீசை வசதியாக இருந்தது.

ஜீப் கிளப்பிய புழுதி அடங்கியதும் அவர் தொடையைத் தட்டிக்கொண்டார். "அத்தாயி, என்னா நடிப்பு சாமி. உங்கப்பன் தோத்தான் போ. போதும், திரும்பு."

அத்தாயி திரும்பவில்லை.

"அட, அவர்தான் போயிட்டாரே. இன்னும் எதுக்கு நடிக்கற?"

பொன்னாத்தாள் போய் அத்தாயியின் தோளைத் தொட்டுத் திருப்பினாள். பிறகு குமாரசாமியைப் பார்த்துத் தயங்கினாள்.

"இப்ப அவ நடிக்கலீங்க சார். மூணாங்கிளாசுல காச்சல் வந்ததுலயிருந்தே அவளுக்குக் காது கேக்காதுங்க. சொன்னா பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்திப்போடுவீங்கன்னு ரெண்டு வருசமா கேக்கற மாதிரி நடிச்சுட்டிருந்தா. டீச்சர் பேசறது வாயப் பாத்தாப் புரிஞ்சுக்குவாளாமுங்க. உங்க மீசைக்குள்ள வாயி எங்க இருக்குதுன்னுதான் இன்னும் புடிபடலீங்களாமா."