ஒருமனதாக

“இணைக்கலாம்னு நினைக்கிறவங்க கையைத் தூக்குங்க” என்று சொல்லிவிட்டு, தலைமையாசிரியை மட்டும் கண்ணைத் திறந்தாள்.

அது அவளுடைய உரிமை. இந்தப் பள்ளியில் பெரிய முடிவு எதையும் ஜெபத்தில்தான் எடுப்பார்கள். ஆசிரியர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள், சம்மதம் என்றால் கையைத் தூக்குவார்கள். தலைமைப் பொறுப்பில் இருப்பவர் மட்டும் பார்த்து எண்ணிக்கொள்வார். முகதாட்சண்யம் இல்லாமல் கர்த்தருக்கு முன்னால் மனதில் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்று எப்போதோ யாரோ ஏற்படுத்திய வழக்கம்.

அவள் வெறும் அறிவியல் டீச்சராக இருந்தவரை ஒவ்வொரு தடவையும் மண்டை குடையும். யார் தூக்குகிறார்கள், யார் தூக்கவில்லை? காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். துணி சரசரக்கும், ஒரு நாற்காலி முனகும், யாரோ பெருமூச்சு விடுவார்கள். அதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது.

கடைசியில் பழைய தலைமையாசிரியர் ஆமென் சொல்லிவிட்டு, முடிவு ஒருமனதானது என்று அறிவிப்பார்.

எப்போதும் ஒருமனதாகத்தான். மின்விசிறியை எந்த வேகத்தில் வைப்பது என்பதிலேயே ஒத்துப்போகாத கூட்டம் இது. எப்படித்தான் ஒரே மனதாகிறதோ என்று அவளுக்கு வியப்பாக இருக்கும். கேட்கவும் முடியாது. ஜெபத்தில் தூக்கிய கையைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது என்பதும் வழக்கத்தில் சேர்த்தி.

அவர் ஓய்வு பெற்றுவிட்டார். இன்று பார்க்கிற முறை அவளுடையது.

பக்கத்துத் தெருவில் இருக்கும் பெரிய பள்ளியோடு இந்தப் பள்ளியை இணைத்துவிடலாமா என்பதுதான் கேள்வி. பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இணைத்தால் பள்ளியின் பெயர் போகும், இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு வேலை போகும். தாளாளர் மனதுக்குள் ஏற்கெனவே இணைத்தே விட்டார். ஆசிரியர்களும் சம்மதித்தார்கள் என்ற ஒரு வார்த்தைக்காகத்தான் அலுவலக அறையில் காத்திருக்கிறார். அவளுடைய பதவி இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதையும் காலையில் பேச்சோடு பேச்சாக நினைவுபடுத்தியிருந்தார்.

அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள்.

முன்வரிசையில் கணக்கு டீச்சர் இமைகளை இறுக்கி மூடியிருந்தாள். கைகள் மடியில் கிடந்தன. விளையாட்டு ஆசிரியர் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். நூலகர் அம்மா வேதாகமத்தை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார்.

ஓவிய ஆசிரியரின் கை மேலே எழுந்தது.

ஒன்று என்று எண்ணப் போனாள். கை காதுவரை போய், சொறிந்துவிட்டு, இறங்கிவிட்டது.

அந்தச் சரசரப்பில் கணக்கு டீச்சரின் முகம் சுருங்கியது. யாரோ தூக்கிவிட்டார்கள் என்று அவள் நினைப்பது அப்பட்டமாகத் தெரிந்தது. எங்கேயோ ஒரு நாற்காலி முனக, விளையாட்டு ஆசிரியர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

கடைசி வரிசைவரை இன்னொரு தடவை பார்த்தாள்.

இத்தனை வருஷம் இதைத்தானா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்கிறோம் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

ஆமென் சொன்னாள். எல்லோரும் கண்ணைத் திறந்து, வரப்போகிற வார்த்தைக்காக முகத்தைக் கல்லாக்கிக்கொண்டார்கள். வாசலில் தாளாளரின் தலை தெரிந்தது.

“ஒரு கைகூட இல்ல” என்றாள், அவருக்கும் கேட்கும்படி.

யாரும் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. ஒருவரையொருவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். தாளாளர் எப்போது போனார் என்பதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. கணக்கு டீச்சர்தான் மெல்லக் கேட்டாள்.

“அப்போ, விடுதிய மூடினப்போ?”

சில வருஷங்களுக்கு முன் மாணவியர் விடுதியை மூடியதும் ஒருமனதாகத்தான். அன்று வார்டன் அக்காவும் இதே அறையில் இவர்களோடு கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறிவிப்பைக் கேட்டதும் எழுந்து, ஒருவர் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டார். கை தூக்கியது மற்றவர்கள்தான் என்று ஒவ்வொருவரும் மற்றவர்களை உள்ளுக்குள் திட்டிக்கொண்டார்கள். அக்கா நம்மையும் அந்தக் கணக்கில்தானே சேர்த்திருப்பார் என்ற கூச்சத்தில் ஒருவரும் அவரைப் போய்ப் பார்க்கவில்லை. தலைமையாசிரியையும்தான்.

ஓவிய ஆசிரியர் நான் தூக்கவில்லை என்பதுபோலத் தலையை ஆட்டினார். விளையாட்டு ஆசிரியரும் ஆட்டினார். நூலகர் அம்மா அழுதேவிட்டார்.

அக்காவின் போன் நம்பர் யாரிடமாவது இருக்கிறதா என்று தலைமையாசிரியை கேட்டாள்.

எல்லோரிடமும் இருந்தது.